பினாவாவின் அணு உலை: பிரித்தெடுப்பதா, காத்திருப்பதா, மண்ணுக்குள்ளேயே மூடுவதா?

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், வின்னிபெக் நகருக்கு வடகிழக்கே சுமார் 110 கிலோமீட்டரில், வின்னிபெக் ஆற்றங்கரையில் இருக்கிறது பினாவா. இன்று அங்கே சுமார் 1,500 பேர் வசிக்கிறார்கள். கனடா அணுசக்தி நிறுவனமான ஏஇசிஎல் 1963இல் காட்டை வெட்டி, தெரு போட்டு, வீடு கட்டி உருவாக்கிய ஊர் இது. ஒயிட்ஷெல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளும் ஊழியர்களும் குடியிருப்பதற்காகவே அது உருவானது. ஆய்வகம் ஊருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில். உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்த்தார்கள். 1998இல் ஆய்வகத்தை மூடுவது என்று முடிவானது. அன்றிலிருந்து ஊர் முன் நிற்கும் பெரிய கேள்வி, ஆய்வகத்தின் இதயமாக இருந்த டபிள்யூஆர்-1 அணு உலையை என்ன செய்வது என்பதுதான்.

முடிவெடுக்கும் அதிகாரம் ஊருக்கு இல்லை. அது கனடிய அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் கையில் இருக்கிறது. ஆனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் அதன் விளைவோடு வாழப்போவது பினாவாவும் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களும்தான். அதனால் காத்திருப்பது, முழுதாகப் பிரித்தெடுப்பது, இருந்த இடத்திலேயே மூடுவது, மையத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை நிரப்புவது என்ற நான்கு வழிகளையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் உலையைப் பற்றி. டபிள்யூஆர்-1 வழக்கமான கனடிய உலை அல்ல. கல்பாக்கம் மின் உலைகளின் மூலவடிவமான கேண்டு வகையில் எரிபொருள் குழாய்கள் கிடைமட்டமாக இருக்கும், வெப்பத்தை எடுத்துச் செல்வது கனநீர். டபிள்யூஆர்-1இல் குழாய்கள் செங்குத்தாக நின்றன. நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கனநீர் இருந்தாலும், வெப்பத்தை எடுத்துச் சென்றது டெர்ஃபினைல் வகை எண்ணெய். 60 மெகாவாட் வெப்பத்திறன். 1965 நவம்பரில் முதல்முறை இயங்கியது, 1985இல் நிறுத்தப்பட்டது. எண்ணெய்க்கு ஒரு பெரிய சாதகம் உண்டு: 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் தண்ணீர் அளவுக்கு அழுத்தம் தேவையில்லை. உலோகத் துருவையும் அது கரைத்துச் சுமந்து செல்லாது. இதனால் உலை மையத்துக்கு வெளியே இருக்கும் குழாய்களில் கதிரியக்கம் குறைவு. இயங்கிய காலத்திலேயே அவற்றின் அருகே நின்று பழுது பார்க்க முடிந்தது. இந்த ஒரு தகவலை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், நான்காவது வழிக்கு வரும்போது இது தேவைப்படும்.

எண்ணெயின் பாதகமும் இந்த ஊருக்குத் தெரியும். 1978 நவம்பரில் 2,739 லிட்டர் எண்ணெய் கசிந்தது, அதில் பெரும்பகுதி ஆற்றில் கலந்தது.

நிறுத்தியபின் எரிபொருளும் கனநீரும் எண்ணெயின் பெரும்பகுதியும் வெளியே எடுக்கப்பட்டன. மிஞ்சியிருப்பது நியூட்ரான் பட்டுப்பட்டுத் தானே கதிரியக்கமாகிப்போன உலோகமும், அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டும், குழாய்களின் உட்புறம் ஒட்டிக்கிடக்கும் தார் போன்ற எச்சமும். கட்டடத்தின் பல தளங்கள் தரைக்குக் கீழே இருக்கின்றன. சுற்றிலும் பனியுகப் பெருஏரி விட்டுச்சென்ற களிமண், அதற்கடியில் கிரானைட் பாறை, பக்கத்தில் ஆறு.

காத்திருந்தால் என்ன கிடைக்கும்?

முதலில் திட்டமிட்டபோது இந்த வழிதான் பேசப்பட்டது. சுமார் 60 ஆண்டுகளில், கட்டம் கட்டமாக, கதிரியக்கம் தணியத் தணியப் பிரித்தெடுப்பது. காத்திருப்பதற்கான காரணம் கோபால்ட்-60. எஃகில் உருவாகும் இந்தப் பொருள் வீசும் காமாக் கதிர்தான் வெட்டும் தொழிலாளியின் முதல் எதிரி. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5.27 ஆண்டு. 1985இலிருந்து 2025 வரை 40 ஆண்டில் அது ஏழரை முறை பாதியாகி, தொடக்க அளவில் சுமார் 190இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கதிரியக்க ஹைட்ரஜனான டிரிடியம் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது.

அதாவது காத்திருப்பதால் கிடைக்க வேண்டிய லாபத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. மற்றவற்றைப் பாருங்கள். சீசியம்-137 இன்னும் 40 சதவீதம் இருக்கிறது. எஃகில் உள்ள நிக்கல்-63இன் அரை ஆயுள் நூறு ஆண்டு. சிர்கோனியம்-நியோபியம் கலப்புலோகக் குழாய்களில் உருவான நியோபியம்-94இன் அரை ஆயுள் சுமார் 20,000 ஆண்டு. கார்பன்-14க்கு 5,730 ஆண்டு. இன்னும் முப்பது ஆண்டு காத்திருந்தாலும் இந்த இரண்டில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் வராது.

காத்திருப்பதற்கான செலவு மட்டும் நிற்காது. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும் இடம் அது. தரைக்குக் கீழே உள்ள அறைகளில் சூடு இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும், கான்கிரீட்டில் புகுந்த நீர் உறைந்து விரிசலைப் பெரிதாக்கும். கசியும் நிலத்தடி நீரை இறைக்கும் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இறைத்த நீரைச் சோதித்தபின்தான் வெளியேற்றலாம். கூரை, மின்சாரம், வடிகட்டியோடு கூடிய காற்றோட்டம், தீயணைப்பு என எல்லாம் வேண்டும். எந்த ஆராய்ச்சியும் நடக்காத கட்டடத்துக்கு இயங்கும் கட்டடத்தின் செலவு.

இதைவிடப் பெரிய இழப்பு நினைவு. எந்தக் குழாயில் எந்த ஆண்டு எண்ணெய் சிந்தியது, வரைபடத்தில் ஏறாத எந்த மாற்றம் எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்பதெல்லாம் உலையை ஓட்டியவர்களின் தலையில் இருந்தது. 1985இல் முப்பது வயதில் இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் ஓய்வுபெற்றும் பினாவாவிலேயே தங்கினார்கள். அந்த அறிவை நேர்காணலாகவும், குறிப்பெழுதிய வரைபடமாகவும் பதிந்துகொள்ள இன்னும் கொஞ்ச காலமே மிச்சமிருக்கிறது. எங்கள் கணிப்பில், காத்திருக்கும் வழியைத் தள்ளிவிட இந்த ஒரு காரணமே போதும்.

முழுதாகப் பிரித்தெடுப்பது

கேட்க மிக நேர்மையான வழி. ஆய்வகம் வருமுன் இருந்ததுபோல நிலத்தைத் திருப்பித் தருவது. வேலை எப்படிப் போகும்? முதலில் அறை அறையாகக் கதிரியக்க அளவீடு, மாதிரி எடுத்தல். பிறகு மையத்துக்கு வெளியே உள்ள குழாய், பம்பு, வெப்பமாற்றிகளை அகற்றுதல். அக்காலக் கட்டடங்களில் வெப்பக்காப்புக்குக் கல்நார் பயன்படுத்துவது வழக்கம் என்பதால் அதற்குத் தனிக் குழு. அதன்பிறகு மேற்புறக் கதிர்த்தடுப்பைத் தூக்கி, செங்குத்துக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் துண்டாக்கி, கனத்த தடுப்புள்ள பெட்டிகளில் அடைக்க வேண்டும்.

கோளாறு வரும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவைதான். எண்ணெய் எச்சம் உள்ள குழாயைச் சுடர் கொண்டு வெட்டினால் புகையும் தீயும் வரும், புகை வடிகட்டிகளை அடைத்துவிடும். அதனால் ரம்பம் அல்லது அழுத்திக் கத்தரிக்கும் கருவிதான் சரி. சிர்கோனியம் குழாயை ரம்பத்தால் அறுத்தால் மெல்லிய துருவல் உதிரும். நுண்ணிய சிர்கோனியம் தானாகவே தீப்பிடிக்கும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலோகத் தீக்கான தூள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கத்தரிக்கும் கருவியில் துருவல் குறைவு என்பதால் இங்கே அதையே முதலில் யோசிக்க வேண்டும். நாற்பது ஆண்டு அசையாமல் நின்ற குழாய் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். கதிரியக்கமில்லாத மாதிரி அமைப்பைக் கட்டி, அதில் பயிற்சி எடுக்காமல் உண்மையான உலையில் கை வைத்தால், திட்டமிட்டதைவிடத் தொழிலாளர்கள் வாங்கும் கதிர் அளவு எகிறிவிடும்.

ஆனால் இந்த வழியின் உண்மையான பலவீனம் வெட்டுவதில் இல்லை, வெட்டியதை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் இருக்கிறது. இப்போதைய ஏற்பாட்டில் ஒயிட்ஷெல் கழிவின் போக்கிடம் ஒண்டாரியோவின் சாக் ரிவர் ஆய்வகம். சாலை வழியாக ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். மானிடோபாவில் பனி உருகும் வசந்த வாரங்களில் சாலைகளில் பாரக் கட்டுப்பாடு வரும். கனத்த பெட்டிகளின் பயண அட்டவணை அதைச் சுற்றித்தான் அமைய முடியும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே உலை மையத்தின் கழிவுக்கு நிரந்தரப் புதைவிடம் இல்லை, கிடங்கில்தான் இருக்கும். பயன்படுத்திய எரிபொருளுக்கான ஆழ்நிலப் புதைவிடத்துக்கு 2024 நவம்பரில் வடமேற்கு ஒண்டாரியோவின் இக்னேஸ் பகுதி தேர்வானது. அது பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்; உலை மையக் கழிவு போன்ற நடுத்தரக் கதிரியக்கக் கழிவுக்கான இடம் அதைவிடப் பின்தங்கியிருக்கிறது. ஆக, முழுப் பிரித்தெடுப்பு என்பது பினாவாவின் சுமையைச் சாக் ரிவரில் இறக்கி வைப்பது. ஒட்டாவா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர் மக்களுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

இருந்த இடத்திலேயே மூடுவது

ஆய்வகத்தை நடத்தும் கனடிய அணு ஆய்வகங்கள் நிறுவனம் முன்வைத்த திட்டம் இது. தரைக்குக் கீழே உள்ள அறைகளையும் உலையையும் சிமெண்ட் கிரவுட் கலவையால் நிரப்பி, மேலே உள்ள கட்டடத்தை இடித்து, கான்கிரீட் மூடியும் மண் உறையும் போட்டு, பல தலைமுறைகள் கண்காணிப்பது. விரைவு, தொழிலாளர்களுக்குக் குறைந்த கதிர் அளவு, லாரிப் பயணம் இல்லை. இந்த மூன்று சாதகங்களும் உண்மையானவை.

கிரவுட் ஊற்றுவதைச் சுவர் கட்டுவதுபோல எண்ணிவிடக் கூடாது. கலவை தண்ணீர்போல ஓடி மூலைமுடுக்கெல்லாம் போக வேண்டும், ஆனால் மணல் கீழே படியக் கூடாது. சிமெண்ட் இறுகும்போது வெப்பம் விடும். பெரிய அறையை ஒரேயடியாக நிரப்பினால் நடுப்பகுதி மிகவும் சூடாகி, ஆறும்போது விரிசல் விடும். அதனால் சிமெண்டின் பெரும்பகுதிக்குப் பதில் அனல்மின் சாம்பல் அல்லது இரும்பு உருக்கு உலைகளின் கசடு சேர்த்து, அடுக்கடுக்காக ஊற்றி, ஒரு அடுக்கு ஆறியபின்தான் அடுத்தது. இறுகாத கலவை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர மீட்டர் சுவரை ஏறத்தாழ இரண்டு டன் விசையோடு தள்ளும். மூன்று மீட்டர் ஊற்றினால் கதவின் அடிப்பாகத்தில் ஆறு டன் அழுத்தம். பழைய கதவுகளையும் குழாய் துவாரங்களையும் அடைக்காமல் ஊற்றினால் கலவை பக்கத்து அறைக்குப் பாய்ந்துவிடும். கலவை ஏற ஏற அறையிலிருந்து வெளியேறும் காற்றும், மேலே தேங்கும் கசிவு நீரும் கதிரியக்கம் கலந்தவை. வடிகட்டியும் சேகரிப்புத் தொட்டியும் கடைசி நாள்வரை ஓட வேண்டும். குழாய்களைத் தனியாக நிரப்ப வேண்டும்: தாழ்ந்த முனையில் செலுத்தி, உயர்ந்த முனையில் காற்றுவழி வைத்து, அங்கே கலவை எட்டிப் பார்த்தபின்தான் நிறுத்தலாம். இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் தங்கிவிடும்.

இந்த உலைக்கே உரிய சிக்கல் எண்ணெய். உட்சுவரில் எண்ணெய்ப் படலம் இருந்தால் கிரவுட் பிடிக்காது. சுவருக்கும் கலவைக்கும் இடையே முடியளவு இடைவெளி நிற்கும். நீர் நுழைவது அந்த இடைவெளி வழியாகத்தான். அலுமினியப் பாகங்கள் இருந்தால் சிமெண்டின் காரத்தன்மை அதோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். அமெரிக்காவின் சவானா ரிவர் வளாகத்தில் பி, ஆர் என்ற இரண்டு உலைகளை 2011இல் கிரவுட் நிரப்பி மூடியபோது, உலைக்கலத்துக்குள் காரம் குறைந்த கலவையைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது இதனால்தான்.

அமெரிக்காவில் இன்னொரு நெருங்கிய முன்னுதாரணம் உண்டு. ஒஹாயோவின் பிகுவா நகர உலையும் டெர்ஃபினைல் எண்ணெயில் ஓடியது, அதுவும் ஆற்றங்கரையில்தான் இருந்தது. 1963 முதல் 1966 வரை மட்டும் இயங்கி, 1960களின் இறுதியில் அதே இடத்தில் மூடப்பட்டது. மூடும்போது உலைக்கலத்தில் மணல் நிரப்பினார்கள். அந்தக் கட்டடம் நகராட்சியின் கையில் இன்றும் நிற்கிறது; மத்திய அரசுத் துறை தொடர்ந்து ஆய்வு செய்துவருகிறது. இதை டபிள்யூஆர்-1க்குச் சான்றாகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிகுவா ஓடியது மூன்று ஆண்டு, டபிள்யூஆர்-1 ஓடியது இருபது ஆண்டு. மையத்தில் சேர்ந்த நீண்ட ஆயுள் கதிரியக்கத்தை ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

விதியும் எதிராக நிற்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையின் 2014ஆம் ஆண்டுப் பாதுகாப்பு நெறிகள், இருந்த இடத்திலேயே புதைத்து மூடுவதைத் திட்டமிட்டு நிறுத்தப்பட்ட உலைகளுக்கான வழியாக ஏற்கவில்லை; கடும் விபத்து போன்ற விதிவிலக்கான சூழலுக்கு மட்டுமே அது என்கின்றன. டபிள்யூஆர்-1இல் விபத்து நடந்து உலை நிறுத்தப்படவில்லை. தன் வேலை முடிந்து நிறுத்தப்பட்டது. 1960களில் வடிவமைத்தவர்கள் பிரித்தெடுப்பதை நினைத்துக் கட்டவில்லை என்ற வாதம் உண்டு. அது கடினம் என்பதைக் காட்டுகிறதே தவிர முடியாது என்பதைக் காட்டவில்லை.

ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பினாவா ஊர் செவன் சிஸ்டர்ஸ் அணைக்கு மேலே இருக்கிறது. ஆய்வகம் அணைக்குக் கீழே. உலையிலிருந்து என்றாவது ஏதாவது கசிந்தால் அது பினாவாவின் படித்துறைக்கு வராது. லாக் டு பான்னே ஊரைத் தாண்டி, முகத்துவாரத்தில் வாழும் சாக்கீங் அனிசினாபே முதற்குடி மக்களிடம் போகும். இந்தத் திட்டத்தை சாக்கீங் எதிர்த்து வந்திருப்பதில் வியப்பில்லை. வேலையும், வளாகத்துக்கான வரிக்கு ஈடாக ஊருக்குக் கிடைக்கும் தொகையும் மேல்பக்கத்தில், நீர் பற்றிய அச்சம் கீழ்ப்பக்கத்தில். இதை விட்டுவிட்டுச் செய்யும் எந்த ஒப்பீடும் முழுமையானதல்ல.

மையத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை நிரப்புவது

எங்களுக்குச் சரியாகப் படுவது இந்த நான்காவது வழி. கதிரியக்கத்தின் பெரும்பங்கு உலை மையத்தில் இருக்கிறது. கன அளவில் பார்த்தால் மையம் கட்டடத்தின் சிறு பகுதி. மேலே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: எண்ணெய் துருவைச் சுமக்காததால் வெளிக்குழாய்கள் ஒப்பீட்டளவில் சுத்தம். எனவே ஆயிரக்கணக்கான ஆண்டு நிற்கக்கூடிய நியோபியம்-94ஐயும், அதைவிடக் குறைவானாலும் நெடுங்காலம் நிற்கும் நிக்கல்-63ஐயும் சுமக்கும் பாகங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பெட்டியில் அடைத்துவிட்டால், கீழே விட்டுச்செல்லும் மிச்சத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சீசியம் போன்ற, சில நூறு ஆண்டுகளில் அடங்கிவிடும் பொருள்கள்தான். முந்நூறு ஆண்டு என்பது சீசியத்துக்குப் பத்து அரை ஆயுள். ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சில நூறு ஆண்டுகள் ஒரு கிரவுட் தொகுதி தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்கலாம், பதில் கிடைக்கும். இருபதாயிரம் ஆண்டுக்கு எந்தப் பொறியாளரும் கையெழுத்திட முடியாது.

இதிலும் மையத்தை வெட்டும் சிரமங்கள் அப்படியே இருக்கின்றன, கழிவுக்கு நிரந்தர இடம் இல்லை என்பதும் அப்படியே. ஆனால் பெட்டிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். லாரிப் பயணமும் குறையும். இடம் கிடைக்கும்வரை பெட்டிகளை ஒயிட்ஷெல்லிலேயே தடுப்புக் கிடங்கில் வைத்திருக்கலாமா என்றால், இடைக்கால இருப்பாக முடியும். அதற்கு எழுத்தில் முடிவுத் தேதி வேண்டும். இந்த வளாகத்தில் நிலத்தில் செங்குத்தாகப் புதைத்த கான்கிரீட் குழல்களில் பத்தாண்டுக்கணக்கில் கிடக்கும் பழைய கழிவை மீட்டெடுப்பதே பெரும் வேலையாகிவிட்டது. தற்காலிகம் என்று வைத்ததெல்லாம் நிரந்தரமாகும் போக்கு கழிவு வேலையில் எங்கும் உண்டு.

ஊருக்கு என்ன?

பினாவா என்ற பெயரில் இதற்கு முன்பும் ஒரு ஊர் இருந்தது. 1906இல் பினாவா கால்வாயில் கட்டிய நீர்மின் அணைக்கான குடியிருப்பு அது. 1951இல் தண்ணீர் முழுவதையும் செவன் சிஸ்டர்ஸுக்குத் திருப்ப அணையை மூடினார்கள், ஊரும் கலைந்தது. இடிந்த அணையை இன்று மாகாணப் பூங்காவாகப் பார்க்கலாம். ஒரே வேலையை நம்பிய ஊர் அந்த வேலை போனால் என்னாகும் என்பதை அறிய வேறெங்கும் போக வேண்டியதில்லை.

புதிய பினாவா 1998க்குப் பிறகும் நிற்கிறது. ஓய்வுபெற்றவர்கள் தங்கினார்கள், ஆற்றங்கரை வீடு தேடி வின்னிபெக்கிலிருந்து வந்தார்கள், முன்னாள் ஊழியர்கள் சிலர் சிறு நிறுவனங்கள் தொடங்கினார்கள். மருத்துவமனை, பள்ளி, கோல்ஃப் மைதானம், படகுத்துறை எல்லாம் சிறு ஊரின் அளவுக்கு மிஞ்சியவை. அவற்றைப் பராமரிக்கும் வரிச்சுமையும் அதேபோல. வேலை என்ற கணக்கில் நான்கு வழிகளும் வெவ்வேறு. இருந்த இடத்தில் மூடினால் சில ஆண்டு பரபரப்பு, பிறகு கிணற்று நீர் மாதிரி எடுக்கும் ஓரிருவர். காத்திருந்தால் காவலும் பராமரிப்பும் நீளும், வளர்ச்சி இருக்காது. முழுப் பிரித்தெடுப்பும் மையத்தை எடுப்பதும் திறமையான ஆட்களை நீண்டகாலம் கேட்கும். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அவர்கள் வேறு ஊரிலிருந்து வந்து, தற்காலிக அறையில் தங்கி, வேலை முடிந்ததும் போய்விடுவார்கள்.

ஆகவே எந்த வழி வந்தாலும் ஊராட்சி மேசையில் வைக்க வேண்டியவை சில. வெட்டும் வேலைக்கும் கதிர் அளவீட்டு வேலைக்கும் உள்ளூரிலேயே பயிற்சி. வரிக்கு ஈடான தொகை ஒரே நாளில் நிற்காமல் ஆண்டுதோறும் படிப்படியாகக் குறையும் ஏற்பாடு. வளாகத்தின் பயன்படுத்தத் தகுந்த நிலத்தையும் கட்டடங்களையும் மொத்த வேலையும் முடியும்வரை காக்க வைக்காமல், சோதனை முடிந்த பகுதிகளை ஒவ்வொன்றாக விடுவிப்பது. கண்காணிப்புக் கிணறுகளின் முடிவுகளைக் காலாண்டுதோறும், மூல எண்களாகவே, பினாவாவிலும் லாக் டு பான்னேயிலும் சாக்கீங்கிலும் ஒரே நாளில் வெளியிடுவது. மாதிரி எடுக்கும் குழுவில் சாக்கீங் நியமிக்கும் ஆட்களும் இருப்பது. நிலத்தடியில் விட்டுச்செல்லும் ஒவ்வொரு பொருளின் வரைபடமும் அளவும் நிலப் பதிவேட்டிலேயே ஏறுவது. நிறுவனங்கள் பெயர் மாறும், கலையும், இன்னொன்றோடு இணையும். நிலத்தை வாங்க வருபவர் பார்க்கும் ஆவணம் பதிவேடு மட்டும்தான்.